காணாக்கடி

ஷிப்டு தொடங்கி மூன்று மணி நேரம் ஆனதும் மாரிசெல்விக்கு அரிப்பு கிளம்பும். கடிகாரம் பார்க்கவே வேண்டாம். இடது முழங்கையின் உள்மடிப்பில், கொசு கடித்த மாதிரி முதலில் ஒரு சின்னத் தடிப்பு. சொறியாமல் விட்டால் அடங்கிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். யாரால் முடியும்? கம்பெனி கவுனுக்கு மேலாகவே ஒரு தேய்ப்பு. போச்சு! கழுத்து, இடுப்பு, தொடை, உள்ளங்கால் என்று எங்கெல்லாம் நாலு பேர் முன்னால் கை வைக்க முடியாதோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கிளம்பும். அரை மணி நேரத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்து, ஒன்றோடொன்று கூடி, தொட்டால் கொதிக்கும்.

கையில் உறை, தலையில் குல்லா, வாயில் மாஸ்க். முன்னால் ஓடுகிற பெல்ட்டில் இருபத்திரண்டு விநாடிக்கு ஒரு செல்போன் சார்ஜர் வரும். இரண்டு திருகாணியை முடுக்கி அடுத்தவளிடம் தள்ள வேண்டும். இதற்கு நடுவில் எங்கே சொறிவது? நாற்காலி முதுகில் தேய்ப்பாள். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பாள். உட்கார்ந்த இடத்திலேயே நெளிவாள்.

"ஏட்டி, நெளியாத. மேசை ஆடுது" என்பாள் அடுத்த இருக்கை இசக்கி.

"நீ என் தோலுக்குள்ள வந்து ஒரு நிமிசம் இருந்து பாரு. ஆடுதியா ஓடுதியான்னு அப்பத் தெரியும்."

இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரிகள். 2006 கடைசியில் ஒரே பஸ்ஸில் வந்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த சார்ஜர் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மூன்று வருஷம் பயிற்சி. அது முடியும்போது நிரந்தரப் பட்டியலில் பேர் வந்தால் உள்ளே. வராவிட்டால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே. ஊரில் மாரிசெல்வியின் அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பக்கத்தில் இவள் விட்டுவந்த முறம் அப்படியே கிடந்தது. அந்த முறத்தின் முன்னால் மறுபடி முதுகு வளைத்து உட்காரக் கூடாது என்பதற்காகவே மூன்று வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், ஒரு நாள்கூடத் தாமதமாக வராமல், யாரையும் எதிர்த்துப் பேசாமல் இருந்தாள். பட்டியல் ஒட்ட இன்னும் ஐந்து வாரம். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள்.

அரிப்பு தாங்காமல் முதல் தடவை கம்பெனி முதலுதவி அறைக்குப் போன அன்று வந்த வினை அது. அங்கே ஜாஸ்மின் என்று ஒரு நர்ஸ். பக்கத்துச் சேரப்பணஞ்சேரிப் பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"இன்னா ஆச்சி?"

மாரிசெல்வி கவுன் கையைச் சுருட்டிக் காட்டினாள். "காணாக்கடி சிஸ்டர்."

"இன்னா கடி?"

"காணாக்கடி."

"எது கடிச்சிது?"

"அது தெரியாதுல்லா. கண்ணால கண்டா காணாக்கடின்னு ஏன் சொல்லுதோம்?"

அவள் ஊரில் உடம்பு திடீரென்று தடித்து அரித்தால் அதற்குப் பேர் காணாக்கடி. கடித்தது எது என்று யாரும் விளக்கு எடுத்துக்கொண்டு தேடப் போவதில்லை. காய்ச்சல், வாந்தி என்பது போல அதுவும் ஒரு பேர், அவ்வளவுதான். ஜாஸ்மின் வளர்ந்த ஊரில் இதைத் தடிப்பு என்பார்கள். பாவம், அவள் காதில் கடி மட்டும்தான் விழுந்தது. அரிப்புக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்: பூச்சிக்கடி. பூச்சி காணப்படவில்லை. இடம், மூன்றாம் லைன்.

மாத்திரை அரிப்பை அடக்கியது. கூடவே மாரிசெல்வியையும் அடக்கியது. திருகாணி முடுக்கும்போதே கண் சொருகியது. மறுநாள் மருந்தின் வேகம் போனதும் அரிப்பு திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் ஐந்து தடவை அந்த அறைக்குப் போனாள். ஐந்து தடவையும் ஜாஸ்மின் அதையேதான் எழுதினாள்.

இதற்கிடையில் ஆளுக்கொரு வைத்தியம். அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி கங்கம்மாள், "கத்திரிக்கா துன்னாதடி, கருவாடு துன்னாத. பித்தம் ஏறிக்கினு கீது" என்றாள். இசக்கி ஊருக்குப் போன் போட்டு அத்தையைக் கேட்டாள். முட்டையும் கடலையும் ஆகாது என்று அத்தை சொன்னாள். லைனில் ஒருத்தி புளியை விடச் சொன்னாள், இன்னொருத்தி பாலை விடச் சொன்னாள். மாரிசெல்வியும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் மிஞ்சியது வெறுஞ்சோறு, மிளகு ரசம், பிஸ்கட். தண்ணீர் குடிப்பதை எப்போதோ விட்டிருந்தாள். அது அரிப்புக்காக அல்ல, அது வேறு கதை. இத்தனையும் விட்டும் அரிப்பு மட்டும் அவளை விடவில்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மூன்றாம் லைனை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. முகமூடி போட்ட மூன்று பேர் முதுகில் மருந்து டப்பாவோடு உள்ளே வந்தார்கள். முப்பத்தெட்டுப் பெண்களும் நடைபாதையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். மேசைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், குப்பைத் தொட்டியில் எல்லாம் புகை போட்டார்கள். அன்றைய கணக்கு குறைந்துவிட்டது என்று அந்த வார ஞாயிற்றுக்கிழமை லீவு போயிற்று.

"எந்தப் பாழாப்போன பூச்சியாலட்டீ என் ஞாயித்துக்கிழம போச்சு?" என்று இசக்கி வாய்விட்டுச் சபித்தாள். மாரிசெல்வியும் சேர்ந்து சபித்தாள். அந்தப் பூச்சி தான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

லைன் லீடர் கார்முகில்தான் சொன்னான். "உனக்குத்தான் இந்த மரியாத, மாரி. ஃபாரின் கஸ்டமர் ஆடிட் வர்றான். பொட்டிய தொறந்தா சார்ஜரோட பூச்சியும் வந்துச்சின்னா இன்னா ஆவறது? ரிஜிஸ்டர்ல அஞ்சி தபா உன் பேரு. அந்தப் பூச்சி உன்ன மட்டும் இன்னாத்துக்கு லவ் பண்ணுது?"

அவன் சிரித்தான். லைனே சிரித்தது. மாரிசெல்விக்குக் காது மடல் வரை கொதித்தது.

கம்பெனியில் ஒரு கரப்பான் குஞ்சுகூடக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் பூச்சி வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பெண் தங்கியிருக்கிற இடத்தில் மூட்டைப்பூச்சி இருக்கும், துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று மனிதவள அதிகாரி நரசிம்மன் முடிவு கட்டினார். இரண்டு பேர் டார்ச் லைட்டோடு கங்கம்மாள் வீட்டுக்கு வந்து பாய், தலையணை எல்லாவற்றையும் புரட்டினார்கள்.

கங்கம்மாளைப் போய் இப்படிச் சொல்லலாமா? ஒரு நாளைக்கு மூன்று தடவை வீடு கழுவுகிறவள். அடுத்தவள் பாயை மிதித்தால்கூட ஏசுகிறவள்.

"என் வூட்ல மூட்டப்பூச்சியா! இன்னாடி சொல்லிக்கினு வந்த அங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. காணாக்கடின்னுதான் சொன்னேன்."

"இன்னா எழவோ ஒரு கடி. பொண்ணுங்கள தங்க வெக்கிற கம்பெனி லிஸ்ட்லேர்ந்து என் வூட்ட எடுத்தானுங்கன்னு வையி, ஒம்போது பேரு துணியையும் ரோட்ல கடாசிடுவேன். மொதல்ல உன்னுது."

மறுநாள் முதலுதவி அறையில் மாரிசெல்வி அழுகிற குரலில் கேட்டாள். "ஏன் சிஸ்டர் பூச்சின்னு எழுதுனீங்க?"

"நீதான கடின்னு சொன்ன?"

"கடின்னா கடியா? அது ஒரு சீக்குக்குப் பேருல்லா!"

ஜாஸ்மின் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ ஏசப்பா. அஞ்சி தபா எழுதிட்டனே. அடிச்சி எழுதினா என் வேல போயிடும் மாரி." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "ஒண்ணு பண்ணு. வெளிய ஒரு டாக்டராண்ட போயி, பூச்சி இல்லன்னு எழுதி வாங்கினு வந்துடு. அத வெச்சி நான் ஃபைல மூடிடறேன்."

பூச்சி இல்லை என்று ஒரு சீட்டு. அவ்வளவுதானே! அடுத்த வாரம் மதிய ஷிப்டு. திங்கட்கிழமை காலை பஸ் பிடித்து வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். வரிசையில் இருந்த ஒரு மணி நேரமும் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன செய்யுது?"

"உடம்பெல்லாம் அரிக்கு டாக்டர். அதுக்குப் பூச்சி காரணம் இல்லன்னு ஒரு சீட்டு எழுதித் தரணும்."

டாக்டரம்மா தடிப்புகளைப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "சில பேருக்கு வயித்துல பூச்சி இருந்தாலும் இப்படித் தடிக்கும். இல்லன்னு நானா எப்படி எழுத முடியும்? டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். நாளைக்குக் காலையில மோஷன் கொண்டாங்க" என்று ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

மாரிசெல்விக்கு விளங்கவே அரை நிமிஷம் ஆயிற்று. இவர் சொல்வது வேறு பூச்சி. போகட்டும், எந்தப் பூச்சியானால் என்ன, இல்லை என்று எழுதினால் சரி. ஆனால் டப்பாவைக் கையில் வாங்கியதும் வேறொரு பயம் பிடித்தது.

"நாளைக்கு முடியாது டாக்டர்."

"ஏன், வேலையா?"

"இல்ல."

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வராது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "கடைசியா எப்பப் போனீங்க?"

இதை எந்த வாயால் சொல்வது? பெற்ற தாயிடம் சொன்னதில்லை. ஒரே பாயில் படுக்கிற இசக்கியிடம் சொன்னதில்லை. "நாலு நாளாச்சு" என்றாள். பிறகு எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றி, "அஞ்சு" என்றாள்.

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. லைனில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை. அதை எடுத்துக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போக வேண்டும். ஐந்து நிமிஷம். கவுன் கழற்ற, செருப்பு மாற்ற, நடந்து போய் நடந்து வர என்று நாலு நிமிஷம் போய்விடும். யார் போனாலும் வெள்ளைப் பலகையில் பேரும் நிமிஷமும் ஏறும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவளுக்குப் பதினோரு நிமிஷம் ஆகிவிட்டது. 'பதினோரு நிமிஷம்! இன்னா மாரி, உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?' என்று கார்முகில் லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். அன்றோடு கம்பெனியில் உட்காருவதை விட்டாள். போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரை விட்டாள். கங்கம்மாள் வீட்டில் பெண்கள் ஒன்பது பேருக்கு ஒரு கக்கூஸ், காலை ஐந்து பத்துக்குக் கம்பெனி பஸ். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. வயிறும் எத்தனை தடவைதான் கேட்டுப் பார்க்கும்? கேட்பதையே விட்டுவிட்டது.

"எவ்ளோ நாளா?"

"அரிப்பா? நாலு மாசமா."

"அரிப்பு இல்லம்மா. வயிறு."

"ரெண்டரை வருசமா."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்க, வயிறுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இந்தத் தடிப்பு பாதிப் பேருக்கு ஏன் வருதுன்னே தெரியறதில்ல. ஆனா குடல் கெட்டுக் கெடந்து, அது சரியானதும் தோலும் அடங்கின ஆளுங்கள நான் பாத்திருக்கேன். நீங்க விட்ட சாப்பாட்டுல ஒண்ணாவது தின்னவுடனே தடிச்சுதா? இல்லையே? அப்ப எல்லாத்தையும் திரும்பத் தின்னுங்க. கீரை, பழம், நெறையத் தண்ணி. வந்தா அடக்காதீங்க. அடக்காதீங்கன்னா அடக்காதீங்க."

வயிறு இளகப் பேதி மருந்து எழுதினார். தூக்கம் தராத அரிப்பு மாத்திரை எழுதினார். இன்னொரு தாளில், வேலை நேரத்தில் இந்தப் பெண்ணைக் கழிப்பறைக்கு வேண்டியபோது அனுப்ப வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மாரிசெல்வி அதை எட்டாக மடித்துப் பையின் அடியில் போட்டாள். பூச்சிச் சீட்டு மட்டும் போதும் அவளுக்கு. இந்தக் கடிதத்தைக் கார்முகில் கையில் கொடுப்பதா? அதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

அன்று பொழுது சாயும் முன்பே இசக்கியிடம் சொல்ல வேண்டியதாயிற்று, டப்பாவை அவள் பார்த்துவிட்டதால்.

"அஞ்சு நாளாட்டீ!" என்று இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு மூணு" என்றாள்.

மருந்து புதன்கிழமை வேலை செய்தது. டப்பாவைப் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் மறைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்று செத்துச் செத்துப் பிழைத்து வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் போய், பூச்சி இல்லை என்ற ரிப்போர்ட்டை வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிறு லீவு. கத்திரிக்காய் தின்றாள், முட்டை தின்றாள், முருங்கைக்கீரை தின்றாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், நினைத்தபோது போனாள். அன்று முழுக்க உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. திங்கட்கிழமை லைனில் வயிறு கூப்பிட்டது, சிவப்பு அட்டை வேறொருத்தியிடம் இருந்தது, அடக்கினாள். ஒரு மணி நேரத்தில் முழங்கையில் கிளம்பியது.

மறுநாள் நரசிம்மன் அறைக்குக் கூப்பிட்டார்கள். பட்டியல் புதன்கிழமை ஒட்டுவார்கள், அவளுக்கு மூன்று வருஷம் அந்த சனிக்கிழமையோடு முடிகிறது. நரசிம்மன் நாற்காலியில். பக்கத்தில் பதிவேட்டோடு ஜாஸ்மின். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு கார்முகில்.

"பூச்சி விஷயம் முடியணும்மா. உன் பேர்ல ஓபன் ஃபைல் இருந்தா லிஸ்ட்ல போட முடியாது."

மாரிசெல்வி ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "பூச்சி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார்."

நரசிம்மன் முகம் மலர்ந்தது. "அட, வெரி குட்! யாரு டெஸ்ட் பண்ணாங்க?"

"வாலாஜாபாத்ல சார். லேப்ல."

"நீயாவே போய்ப் பண்ணியா? கெட்டிக்காரிதான். சாம்பிள் எங்கேர்ந்து எடுத்தாங்க? லைன்லேர்ந்தா, உங்க ரூம்லேர்ந்தா?"

ஜாஸ்மின் குனிந்து பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. எங்கேர்ந்து?"

"என் வயித்துலேர்ந்து சார்."

"என்னது?"

"மலம் சார்."

நரசிம்மன் தாளை மேசையில் போட்டுவிட்டு விரல்களை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். கதவோரம் கார்முகில் களுக்கென்று சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை, தோள் குலுங்கியது.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அல்லது அதுதான் நல்லது செய்தது. இரண்டரை வருஷமாக எதற்குப் பயந்து அடக்கினாளோ அந்தச் சிரிப்பு இதோ முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வரப்போகிறது?

"சிரிங்க சார், நல்லாச் சிரிங்க" என்றாள். கார்முகிலின் பக்கம் திரும்பியிருந்தாள். "அன்னைக்குப் பதினோரு நிமிசம்னு பலகையில எழுதிப் போட்டுச் சிரிச்சீங்கல்லா, அதுலேர்ந்து நான் இந்தக் கம்பெனில உக்காரல. நாலு நாளைக்கு ஒருக்க, அஞ்சு நாளைக்கு ஒருக்க. எந்தப் பூச்சியும் என்னியக் கடிக்கல. காணாக்கடின்னா பூச்சி இல்ல. உள்ள அடக்கி அடக்கித்தான் தோலெல்லாம் இப்படிப் பொங்குதுன்னு நான் நெனைக்கேன். டாக்டரம்மாவும் அப்படி இருக்கலாம்னுதான் சொல்லுதாவ. நம்பலன்னா இந்தக் கடிதாசியப் படிங்க."

பையின் அடியிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நரசிம்மன் ஓரத்தைப் பிடித்து விரித்துப் படித்தார். கார்முகில் இப்போது சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நரசிம்மன் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் மாரிசெல்விக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் பேசினார். "இத ஃபைல்ல வைக்க முடியாதும்மா. ஆடிட்ல எடுத்தான்னா, ஏன் பொண்ணுங்கள டாய்லெட்டுக்கு விடறதில்லன்னு எங்களப் புடிச்சுப்பான். நான் ஒரு வழி சொல்றேன். மூட்டப்பூச்சி உன் ரூம்லதான் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. ஃபைல் இன்னிக்கே க்ளோஸ். நாளைக்கு லிஸ்ட்ல உன் பேர் வரும். அந்த வீட்ட மட்டும் பொண்ணுங்க தங்கற வீட்டு லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம்."

வெள்ளைத் தாளும் பேனாவும் முன்னால் வந்தன. கழுத்தில் தடிப்புகள் கிளம்புவதை மாரிசெல்வி உணர்ந்தாள். ஒரே ஒரு வரி. அக்காவின் பக்கத்தில் கிடக்கிற முறம் கண் முன்னால் வந்தது. பேனாவை எடுக்கக் கையும் நீண்டது.

கங்கம்மாள் மேல் அவளுக்கு ஒரு பிரியமும் கிடையாது. துணியை ரோட்டில் கடாசுவேன் என்ற வாய்க்கு என்ன பிரியம்? ஆனால் இசக்கி உள்பட எட்டுப் பேர் மூட்டை தூக்க வேண்டும். போதாததற்கு அது பொய். ஒரு பொய்ப் பூச்சியால் இத்தனை பாடு பட்டாயிற்று. இப்போது தன் கையாலேயே இன்னொரு பூச்சியை எழுதிக் கொடுப்பதா? நினைக்கவே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அந்தம்மா வீட்டுல பூச்சி இல்ல சார்" என்றாள். "இல்லாதத எப்படி எழுத?"

"யோசிச்சுச் சொல்லும்மா. மூணு வருஷம் போயிடும்."

"யோசிச்சுட்டேன் சார்." கழுத்தைப் பரபரவென்று சொறிந்தாள், அவர் முன்னாலேயே. பிறகு எழுந்து வெளியே வந்தாள்.

நடைபாதையில் ஜாஸ்மின் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஷிப்டுக்குள் போகும்போதே பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்தோரு பேர். இசக்கியின் பேர் பதினாலாவது. மாரிசெல்வி முதலிலிருந்து ஒரு தடவை, கடைசியிலிருந்து ஒரு தடவை படித்தாள். இல்லை. தெரிந்ததுதான். இசக்கிதான் அழுதாள்.

"ஒரு கையெழுத்துட்டீ. போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா? நாங்க வேற வீடு பாத்திருக்க மாட்டோமா?"

"அழாதட்டீ, குல்லா நனையுது. ஒரகடத்துல கம்பெனிக்கா பஞ்சம்? திங்கக்கிழம போயி வரிசையில நிப்பேன்." சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டுமே என்று பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள்.

இருக்கையில் உட்கார்ந்தார்கள். பெல்ட் ஓடத் தொடங்கியது. இரண்டு திருகாணி, தள்ளு. இரண்டு திருகாணி, தள்ளு. காலையில் இரண்டு வாழைப்பழம் தின்று ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதும் குடித்திருந்தாள். ஒன்பது மணிக்கு வயிறு இரைந்தது. பிறகு அழுத்திக் கூப்பிட்டது. கார்முகிலின் மேசைப் பக்கம் பார்த்தாள். சிவப்பு அட்டை ஆணியில் இல்லை, யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். இடுப்பை இறுக்கிக்கொண்டாள், பழக்கம். இன்னும் ஐந்து மணி நேரம். அதுவரை தாங்கலாம். எத்தனை நாள் தாங்கியிருக்கிறாள்!

முழங்கையில் கிளம்பியது.

எதற்காகத் தாங்க வேண்டும்? நிஜமாகவே கேட்டுக்கொண்டாள். பட்டியலுக்காக. பட்டியல் ஒட்டியாயிற்று. பிறகு? சிரிப்பார்கள் என்று. சிரித்தாயிற்று. வேறென்ன? தேடிப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை.

திருகாணி முடுக்கியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாரி!" கார்முகில் தலையைத் தூக்கினான். "எங்க போற? கார்டு எங்க? உக்காரு!"

அவள் நடந்தாள். பின்னால் இசக்கி, இந்தப் பக்கம் கையை நீட்டி அவள் சார்ஜர்களையும் சேர்த்து முடுக்கப் பார்த்தாள். நாலைந்துதான் முடிந்தது. அதற்குமேல் சார்ஜர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இசக்கி ஒரு கணம் கார்முகிலைப் பார்த்தாள். இன்று காலைதான் நிரந்தரமானவள். கையை நீட்டி நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். மூன்றாம் லைன் நின்றது.

மாரிசெல்வி நிதானமாகக் கவுனைக் கழற்றி மாட்டினாள், செருப்பை மாற்றினாள், பெண்கள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருஷத்தில் எப்போதாவது இந்த அறைக்குள் வந்தாலும் வந்த வேகத்தில் ஓடியிருக்கிறாள். சுவரில் பச்சை டைல்ஸ் பதித்திருப்பதை இன்றுதான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் வெளிக்கதவைப் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே வர முடியாமல் கார்முகில் வெளியிலிருந்தே கத்தினான்.

"மாரி! லைன் நின்னுக்கினு கீது! உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?"

நடைபாதையில் முப்பத்தேழு பெண்கள் வந்து நிற்கிற அரவம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"வெளிக்கு இருக்கேன் சார்!" என்று அவள் நடைபாதைக் கடைசிவரை கேட்கும்படி கத்தினாள். "இப்பதான் உக்காந்திருக்கேன். பொறுங்க."

பிறகு அவன் செருப்புச் சத்தம் திரும்பிப் போவது கேட்டது. மாரிசெல்வி அவசரப்படவில்லை.